அல்காரிதம் பாடம் எடுக்கப்போகும் முரளிக்கு

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அல்காரிதம் பாடம் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று படித்ததும் சிரித்துவிட்டேன். கடைசி பெஞ்சுக்காரன் இப்போது சி.எல்.ஆர்.எஸ். (நான்கு ஆசிரியர்களின் முதலெழுத்தால் அழைக்கப்படும் அல்காரிதம் பாடநூல்) நடத்தப்போகிறான்!

எந்தப் பதிப்பு என்று கேட்டிருந்தாய். 2022-ல் வந்த நான்காம் பதிப்பையே வாங்கு. 1,300 பக்கம் தாண்டும், பயப்படாதே. 1990-ல் முதல் பதிப்பு வந்தபோது கார்மென், லீசர்சன், ரிவெஸ்ட் மூன்று பேர்தான். ஸ்டைன் சேர்ந்தது 2001-ல், இரண்டாம் பதிப்பில். (ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறையின் ‘ஆர்’ இதே ரிவெஸ்ட்தான். பசங்களிடம் சொல், நிமிர்ந்து உட்காருவார்கள்.) புதிதாக மெஷின் லேர்னிங்கும் ஆன்லைன் அல்காரிதமும் (உள்ளீடு முழுவதும் வருவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய வகை) வந்திருக்கின்றன. ஃபிபனாச்சி ஹீப் என்ற தரவுக் கட்டமைப்பை எடுத்துவிட்டார்கள். தாளில் அழகாக இருக்கும், நிரலில் எழுதுகிறவர் அபூர்வம், போகட்டும். கணினி வழி வடிவியல் (கம்ப்யூட்டேஷனல் ஜியாமெட்ரி) அத்தியாயத்தையும் தூக்கியதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். இரண்டாம் அத்தியாயத்தை ஓட்டிவிடாதே. எண்களை வரிசைப்படுத்தும் இன்செர்ஷன் சார்ட் என்றதும் “தெரியும் சார்” என்பார்கள். போர்டில் 7, 3, 9, 1 என்று எழுது. 3-ஐ எடுத்து 7-க்கு முன்னால் வை; 9 இருந்த இடத்திலேயே இருக்கும்; 1 வரும்போது மூன்றும் ஒவ்வோர் இடம் நகர வேண்டும். பிறகு கேள்: ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும் மாறாமல் எது உண்மை? “இடப்பக்கம் வரிசையாக இருக்கும்” என்று பதில் வரும். விடாதே. எல்லா இடத்திலும் 1 என்று எழுதிவைத்தாலும் அது வரிசைதானே? ‘முதலில் அங்கே இருந்த அதே எண்கள், வரிசையாக’ என்று அவர்கள் வாயாலேயே வரவேண்டும். லூப் இன்வேரியன்ட் அதுதான். முதல் சுற்றுக்கு முன் அது உண்மையா, ஒரு சுற்று முடிந்தும் நிலைக்கிறதா, லூப் நின்றதும் நமக்கு என்ன கிடைக்கிறது என்று மூன்றையும் பார்த்துவிட்டால் நிரூபணம் முடிந்தது. இதைப் பிடித்துக்கொண்டவன் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா அல்காரிதம் வரும்போது தடுமாற மாட்டான்.

இன்னொன்று, புத்தகத்தில் அர்ரே பெரும்பாலும் 1-லிருந்து எண்ணப்படும். 0-லிருந்து எண்ணும் பைத்தானில் அப்படியே தட்டிவிட்டு “புத்தகமே தப்பு” என்று ஒருவனாவது வந்து நிற்பான். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடு.

பயிற்சிக் கணக்குகளில் நட்சத்திரக் குறி போட்டவற்றை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதே. நீயே உட்கார்ந்து போட்டுப் பார்.

முதல் தேர்வின் வினாத்தாளை எனக்கும் அனுப்பு. ரெட்-பிளாக் மரம் என்ற தரவுக் கட்டமைப்பில் டெலீட் செய்வதை மனப்பாடமாக எழுதச் சொல்லியிருந்தாயோ, நேரில் வந்து சண்டை போடுவேன்.

அன்புடன்,
சேகர்