தைப்பூசத்துக்குப் பூக்க வேண்டும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
14 டிசம்பர் 2025

அன்புள்ள கமலா,

நலமா? முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை ஒருவழியாக ஓய்ந்திருக்கிறது. இன்று காலை ரோஜாச் செடிகளை வெட்டிவிட்டேன், உன் அம்மா கொடுத்த குச்சியில் வந்த பன்னீர் ரோஜா உட்பட.

அதைத் தொட எனக்கு இத்தனை வருஷமாக மனசு வரவில்லை, தெரியுமா? அவர் ஞாபகமாக இருப்பது அது ஒன்றுதானே. ஆனால் இந்த மழையில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. உச்சியில் மட்டும் ஒன்றிரண்டு பூ, கீழே வெறும் குச்சி. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்பா கேமரன் மலையில் தேயிலைக்குக் கவாத்து வெட்டியவர். வெட்டாத செடி கிழடாகிவிடும் என்பார். சரி என்று கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு இறங்கினேன். முதலில் காய்ந்த குச்சிகள், அப்புறம் நடுவில் ஒன்றோடொன்று உரசும் கிளைகள். காற்று உள்ளே புகுந்தால்தான் இலை சீக்கிரம் காயும், புள்ளியும் குறையும். மீதிக் கிளைகளில் வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவில்லை. குளிர் நாட்டில் செடி தூங்கும்போது ஒட்ட வெட்டுகிறார்கள். நம் ஊரில் அது தூங்குவதே இல்லையே! கொட்டிய இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். செடியடியில் கிடந்தால் நோய் மறுபடியும் ஏறும்.

நீ எழுதியிருந்தாயே, உன் செந்தூல் வீட்டு ரோஜாவில் ஒரு கிளை மட்டும் பூவே இல்லாமல் நெடுநெடுவென்று வளர்கிறது என்று. அது ஒட்டுச்செடிதானே? ஒட்டிய இடத்துக்குக் கீழே, அடியிலிருக்கும் வேர்ச்செடியிலிருந்து கிளம்பியிருந்தால் அடியோடு எடுத்துவிடு. விட்டால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும்.

வெட்டிய பிறகு பூக்க ஆறேழு வாரம் ஆகும். தைப்பூசம் பிப்ரவரி 1. சரியாக ஏழு வாரம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அந்தப் பூவையே கொண்டுபோக ஆசை.

வெட்டியதில் நல்லதாக நான்கு குச்சி பார்த்துப் பையில் ஊன்றியிருக்கிறேன். ஒன்றாவது வேர் பிடிக்கும். தைப்பூசத்துக்கு வருவாய் அல்லவா? உன் அம்மா செடி உன் வாசலிலும் இருக்கட்டும். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோய்விடலாம்.

அன்புடன்,
சரசு