முடியைக் கழற்றி மாட்ட முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் தலைமுடி விதியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆய்வகத்தில் தீச்சுடர் பக்கத்தில் குனிகிற பிள்ளை நீள முடியைக் கட்டித்தான் ஆக வேண்டும். கூர்முனை உள்ள கிளிப்பை விளையாட்டு நேரத்தில் தவிர்க்கச் சொல்வதும் சரி. காரணத்தைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். ஆனால் கறுப்பு ரப்பர் பேண்டு போடலாம், கருநீலம் கூடாது என்பதற்கு என்ன காரணம்? மகள் கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

விதியைவிட, அதை நடத்தும் விதம்தான் உறுத்துகிறது. போன வருடம் என் மகன் ஒரு காதோரம் மட்டும் வெட்டுப்பட்ட தலையோடு வீட்டுக்கு வந்தான். காலையில் வரிசையில் நிற்கவைத்து, வேண்டுமென்றே அரைகுறையாகக் கத்தரித்திருக்கிறார்கள். அப்போதுதான் சலூனுக்குப் போவானாம்! இரவு தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட்டான். மறுநாள் அந்தப் பக்கத்துக்குச் சமமாக மற்றதையும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தோம்.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். அரை நிமிட வெட்டு சரியாவதற்கு நாலு மாதம் பிடித்தது. சீருடை என்றால் சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். முடி ஞாயிற்றுக்கிழமையும் தலையில்தானே இருக்கும்?

பிறவியிலேயே பழுப்பாக இருக்கும் முடிக்குக்கூடக் கறுப்புச் சாயம் பூசச் சொன்ன விதிகளை டோக்கியோ பெருநகர அரசின் உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஏப்ரலில் கைவிட்டன. தாய்லாந்தில் மாணவர் முடியின் நீளத்தைக் கட்டுப்படுத்திய 1975ஆம் ஆண்டு உத்தரவை 2025 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கெல்லாம் இதனால் பாடம் நின்றுவிடவில்லை.

'முடி ஒழுங்காக இருக்க வேண்டும்' என்று எழுதினால் ஆசிரியருக்கு ஆசிரியர் ஒழுங்கு மாறும். காலரைத் தொடக் கூடாது என்று எழுதுங்கள், யாரும் பார்த்துக்கொள்ளலாம். சுருட்டை முடிக்காரப் பிள்ளையிடம் 'படிய வாரு' என்றால் அவன் என்னதான் செய்வான்? மீறினால் வீட்டுக்கு ஒரு குறிப்பு, ஒரு வாரம் அவகாசம். அதுவரை பிள்ளை வகுப்புக்குள்ளேயே உட்காரட்டும்.

இந்த ஆண்டும் விதித்தாளில் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். அப்புறம் அடியில், 'முடியை வெட்டும் முன் எனக்குப் போன் செய்யவும்' என்று எழுதி, நம்பரையும் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் தாய்