நீ கொடுத்த கடற்பாசிக் குப்பி

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள முனியாண்டிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் பொறுமை இன்று எனக்கில்லை. தைப்பூசத்திற்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் குற்றம்தான். ஆனால் இப்போது என்னைப் பேனாவை எடுக்க வைத்தது, உன் இளைய மகள் கல்யாணத்தில் எங்கள் மேசைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து சர்க்கரையை அடக்கும் என்று நீ எடுத்து வைத்தாயே, அந்தக் கடற்பாசி மருந்துக் குப்பி.

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் என் மைத்துனன் பெருமாள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையின் நடுவில் அந்தக் குப்பி சாமி படம் போல வீற்றிருந்தது. அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீர் என்னும் நீரிழிவுக்குக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகளோ பழைய நாளிதழ்களுக்கு அடியில் பிரிக்கப்படாமல் கிடந்தன. ஏழு வாரமாக மாத்திரையைத் தொடவில்லையாம். "சோற்றில் இருக்கிற சீனியை இது உள்ளேயே விடாது என்று முனியாண்டி அண்ணன் சொன்னாரே" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அப்போதே விரலில் குத்திப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 14.6 மில்லிமோல், இருக்க வேண்டியதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

மாத்திரையை நிறுத்தும்படி நீ சொல்லியிருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். எப்போதுமே நீ சொல்வது பாதி, கேட்பவர்கள் சேர்த்துக்கொள்வது பாதி. ஆனால் அன்று அந்த மேசையில் இனிப்பு நீர் இல்லாதவன் ஒருவன்கூட இல்லையே. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகச் சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களாகிய நமக்குத்தான். அப்படிப்பட்ட கூட்டத்தில், அதுவும் பிரியாணி பரிமாறும் நேரத்தில், சோற்றுக்கு மாற்று மருந்து என்று நீ வாயைத் திறந்தால் யார்தான் முழுவதையும் கேட்பார்கள்?

தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளனாக, இருந்தவன், மாத்திரையைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டான் என்று நீ கேலி செய்வாய். அந்தப் பழிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் முழுவதும் படித்தேன். குப்பியில் இருப்பது நம் பெண்கள் தீபாவளிக்குக் காய்ச்சும் கடல்பாசி அன்று. அது சிவப்புப் பாசியிலிருந்து வருவது. சபாவில் செம்பூர்ணாப் பக்கம் வளர்ப்பதும் சிவப்பு வகைதான். உன் குப்பியில் உள்ளவை அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில், பாறைகளில் வளரும் பழுப்புப் பாசிகள். அவற்றில் ஃபுளோரோடானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. சோற்றின் மாவுச்சத்தை எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமிலேஸ் நொதி துண்டாக்குகிறது. அத்துண்டுகளைக் குடற்சுவரில் உள்ள குளுக்கோசிடேஸ் நொதி குளுக்கோசாக உடைக்கிறது. இவ்விரு நொதிகளையும் அந்தத் துவர்ப்பு மட்டுப்படுத்துகிறது என்பது சோதனைக் குழாயில் கண்ட உண்மை. இதே வழியில் வேலை செய்யும் அகார்போஸ் என்ற மருந்தை மருத்துவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். ஆகவே உன் குப்பியின் பின்னால் இருக்கும் எண்ணம் பொய்யன்று. இதைச் சொல்லிவிட்டேன், மகிழ்ந்துகொள்.

ஆனால் சோதனைக் குழாய் வேறு, பெருமாளின் வயிறு வேறு. கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 23 பேருக்கு ரொட்டி சாப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்பாகப் பழுப்புப் பாசிச் சாறு 500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்தது; இரத்தச் சர்க்கரையில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2018இல் ஆஸ்திரேலியாவில் 38 பேருக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்தும் சர்க்கரையோ இன்சுலினோ குறையவில்லை. இரண்டிலும் பங்கேற்றவர்கள் நோயில்லாதவர்கள். உனக்கு அதை விற்ற நேரடி விற்பனைக்காரரின் வண்ணத் தாளில் அந்த முதல் ஆய்வின் இன்சுலின் கணக்கு மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மாதம் 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பவன் மீதியையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதைவிட என்னைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. அதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தக் குப்பி வாக்களித்ததெல்லாம் நடந்தாலும்கூட, அது தொடக்கூடியது அந்த வேளைச் சோற்றை மட்டுமே. பெருமாள் அன்று காலை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வெறும் வயிற்றில் ஏறிய அந்த 14.6 சோற்றிலிருந்து வந்ததன்று, இரவெல்லாம் அவன் ஈரலே இரத்தத்தில் ஊற்றியது. அந்த ஊற்றைக் கட்டுப்படுத்துவதுதான் மெட்ஃபார்மினின் முதல் வேலை. ஈரல் ஊற்றுவதைக் குடலில் காவலுக்கு நிற்கும் பாசி எப்படித் தடுக்கும்? பழுப்புப் பாசியில் அயோடின் மிகுதியாக இருக்கலாம் என்பதும் சேர்ந்துகொண்டது. என் அக்காள் மகளுக்கும் நீ ஒரு குப்பி கொடுத்திருக்கிறாய். அவள் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்; மிகுதியான அயோடின் அந்தச் சுரப்பியைக் குழப்பக்கூடும். அதை உடனே வாங்கி வைத்துவிட்டேன்.

என் மேல் கோபப்படு, பரவாயில்லை. நானும் உன் குப்பியிலிருந்து இரண்டு நாள் விழுங்கியும் இரண்டு நாள் விழுங்காமலும் பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, விழுங்கிய நாட்களில் 10.8, 11.5, விழுங்காத நாட்களில் 11.1, 10.6. கருவியே 15 விழுக்காடு வரை முன்பின் காட்டலாம் என்பதால் இந்த எண்களால் யாருக்கும் பயனில்லை. சாப்பிட்டதும் பழைய ரப்பர் கொட்டகை வரை நடந்துவிட்டு வந்த நாளில் மட்டும் 8.9. வீட்டில் உன் தங்கச்சி அதைக் கேட்டுவிட்டு, இனி மீன் வாங்கவும் நடந்தே போகச் சொல்கிறாள்.

பெருமாளிடம் இதையெல்லாம் சொன்னேன். "டிரெஸ்ஸர் அப்படித்தான் பேசுவார்" என்று எழுந்து போய்விட்டான். பால்வெட்டுக் காலத்திலிருந்தே அவனுக்கு உன் சொல்தான் வேதம். ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ அவனைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். குப்பியை விட்டுவிடு என்று சொல்லித் தகராறு செய்யாதே. மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லவே இல்லை என்ற ஒன்றை மட்டும் உன் வாயால் சொல். வரும் வியாழக்கிழமை காலை கிளினிக்குக்கு அவனை நானே அழைத்துப்போகிறேன். ஏழு வாரம் நிறுத்தியதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல். இரவு எட்டு மணிக்குப் பிறகு பேசு. அதற்கு முன் அவன் தொலைக்காட்சியை விட்டு எழமாட்டான்.

கிள்ளானில் மழை எப்படி? இங்கே ஆறு இன்னும் ஏறவில்லை.

உன்,
கதிரேசன்