ஸ்டைல் பட்டனை அமுக்கும் தம்பிகளுக்குத் தபேலாக்காரனின் மடல்

கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

நான் தபேலா வாசிக்கிறவன். முன்பு தபேலா, டோலக், டிரம்ஸ், பேஸ் கிட்டார் என்று நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது உங்கள் அரேஞ்சர் கீபோர்டு நிற்கிறது. இடது கையால் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடித்தால், ஸ்டைல் என்று உள்ளே பதிந்திருக்கும் தாளத்தையும் பக்கவாத்தியத்தையும் தானே வாசிக்கும் பெட்டி அது. அதற்காகச் சண்டை போட வரவில்லை. கச்சேரிக்குப் பேசுகிற காசில் நாலு பேரைக் கூட்டிவர முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் ஆள் மாதிரி வாசிக்க வைக்கலாமே!

போன மாதம் ஒரு வரவேற்பில் கேட்டேன். ஸ்டைலின் முதல் வடிவமான மெயின் ஏ-யில் கிளம்பிய கெஹர்வா (எட்டு அடித் தாளம்) பாட்டு முடியும்வரை அதே இரண்டு பார் (தாளச் சுற்று). நாலு பாருக்கு ஒரு ஃபில் (இடையை நிரப்பும் உருட்டு), கடிகாரம் மணி அடிப்பது போல. சரணத்துக்கு முன்னால் பாடகி கொஞ்சம் இழுத்தார், பெட்டி நிற்கவில்லை. பாவம், அவர்தான் விட்ட இடத்தைத் தாவிப் பிடித்தார். அந்த மாதிரி இடத்தில் சிங்க் ஸ்டாப்பைப் போட்டு இடது கையை எடுத்துவிடுங்கள். தாளம் நிற்கும். மறுபடி கார்டு பிடித்ததும் கிளம்பும். ஃபில்லையும் பாட்டு வரி முடிகிற இடத்தில் மட்டும் போட்டால் போதும்.

அப்புறம் அடியின் பலம். வாசிப்பை எண்களாகக் குறித்துவைக்கும் மிடியில் ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை வெலாசிட்டி, அதாவது பலத்தின் அளவு, உண்டு. கைமாறி வந்த சில ஸ்டைல்களைத் திறந்து பார்த்தேன், மேலிருந்து கீழ்வரை 100, 100, 100. கெஹர்வாவின் சொற்கட்டு தா கே நா தி, நா க தி நா. இந்த எட்டையும் நான் ஒரே பலத்தில் அடித்ததே இல்லை. முதல் 'தா' 110 என்றால் நடுவில் வரும் 'க' 45-க்குக்கூட இறங்கும், காதில் விழுந்தும் விழாமலும். 'கே'-வில் மணிக்கட்டை அழுத்திச் சுருதியை ஏற்றுவது வேறு. ஒரே சாம்பிள் (பதிவு செய்த ஒலி) அதைச் செய்யாது. சுருதி வேறுபட்ட இரண்டு மூன்று பாயா (தபேலாவின் இடது கைப் பாகம்) ஒலிகளை மாற்றி மாற்றி வையுங்கள்.

நேரத்தையும் கொஞ்சம் அசைக்க வேண்டும். காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 120 என்றால் ஒரு அடிக்கு அரை நொடி. அதை 480 டிக்காகப் பிரித்தால் ஒரு டிக் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். ஸ்னேர் டிரம்மின் அடியைப் பத்துப் பதினைந்து டிக் பின்னுக்குத் தள்ளுங்கள், தாளம் சாய்ந்து உட்காரும். தயவுசெய்து ஹியூமனைஸ் பட்டனை ஒரே அமுக்காக அமுக்கி எல்லா அடியையும் கண்டபடி கலைக்காதீர்கள். அது குடித்தவன் வாசிப்பது போல இருக்கும். எங்கள் பிசகு அப்படி வருவதில்லை. ஒரு அடி பிந்தினால் அடுத்து வரும் அடிகளும் அந்தச் சாயலிலேயே போகும். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் மனிதர்களின் தாளப் பிசகில் இப்படி ஒரு தொடர்ச்சி இருப்பதைக் காட்டியது.

இதற்கெல்லாம் நேரமில்லையா? சரி, ஸ்டைலில் இருக்கும் இரண்டு ரிதம் தடங்களில் ஒன்றை அணைத்துவிட்டு அங்கே ஒரு ஆளை உட்கார வையுங்கள். ஷேக்கரோ டாம்பரினோ, கோரஸ் பாடும் பையன் ஆட்டினாலும் போதும். தபேலாவாக இருந்தால் இன்னும் நல்லது என்று நான் சொன்னால் அதில் சுயநலம் இருக்கத்தான் செய்கிறது.

அடுத்த ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். உங்கள் கெஹர்வாவைப் பக்கத்தில் உட்கார்ந்து அடி அடியாகத் திருத்தலாம். காசு வேண்டாம், இரண்டு டீ வாங்கிக் கொடுங்கள்.