தரையில் இருந்தவர்களுக்கும் ஒரு பலகை
கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களே, பொறுப்பாசிரியர்களே,

விண்வெளிக் கண்காட்சி என்றால் ரொக்கெட் மாதிரியும் ஆம்ஸ்ட்ரோங்கின் படமும் தவறாமல் இடம்பிடிக்கும். அடுத்த முறை அந்த விண்வெளி வீரர்களின் மனைவியருக்கும் ஒரு காட்சிப் பலகை ஒதுக்குங்கள். உங்களில் சிலரின் தந்தையர் கட்டாரிலோ கப்பலிலோ இருப்பார்கள்; வீட்டுப் பாரம் யார் தலையில் விழும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், காத்திருந்த உத்தமிகள் என்று எழுதி மாலை போட்டுவிடாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்.

1959இல் அமெரிக்கா முதல் ஏழு வீரர்களைத் தெரிவுசெய்தபோது, குலையாத குடும்பமும் எழுதப்படாத தகுதியாக இருந்தது. பிரிந்து வாழ்ந்த ட்ரூடி கூப்பர், கணவர் கோர்டனின் வாய்ப்புக்காகத் திரும்பி வந்து படக்காரர்கள் முன் சிரித்தார். ட்ரூடியும் விமானம் ஓட்டுபவர்தான். இராணுவச் சோதனை விமானிகளை மட்டுமே எடுத்ததால் பெண்களுக்கு அங்கே வழியே இருக்கவில்லை.

அந்த ஏழு பேரில் ஒருவரான ஜோன் கிளென்னின் மனைவி அன்னிக்குக் கடுமையான திக்குவாய். 1962 ஜனவரியில் கணவரின் விண்வெளிப் பயணம் தள்ளிப்போன நாளில், உப ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் தொலைக்காட்சிக் குழுவோடு வீட்டுக்கு வர விரும்பினார். அன்னி மறுத்தார். ஜோன் கிளென் மேலதிகாரிகளுக்குப் பணியாமல் மனைவியின் பக்கம் நின்றார்.

நான் அதிக இடம் கேட்பது, அதே எழுவரில் ஒருவரான கஸ் கிரிஸமின் மனைவி பெற்றிக்கு. 1967 ஜனவரி 27 அன்று, நிலவுப் பயணத் திட்டத்தின் அப்பலோ 1 விண்கல ஒத்திகையின்போது, தரையிலேயே, தூய ஒட்சிசன் நிரம்பிய கலத்துக்குள் தீப்பற்றியது. கதவு உள்நோக்கித் திறக்கும் வகை. உள்ளழுத்தம் ஏறியதும் அசையவில்லை. கஸ் கிரிஸமும் இரு தோழர்களும் இறந்தார்கள். இராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. இரண்டு ஆண்பிள்ளைகளோடு நின்ற பெற்றி அதோடு அமைந்துவிடவில்லை. கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மீது 1971இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு 350,000 டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. வீரரின் விதவை நீதிமன்றம் போவதா என்று முகஞ்சுளித்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களை நம் ஊரிலும் நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

நிலவிலுள்ள ஒரு மலைக்கு, விண்வெளி வீரர் ஜிம் லவலின் மனைவி மரிலினின் பெயர் 2017இல் முறையாக ஏற்கப்பட்டது. அழகான செய்திதான், ஒரு வரி போதும்.

இந்தப் பலகையை மாணவிகளின் தலையில் மட்டும் கட்டாதீர்கள், பையன்களும் எழுதட்டும். இழப்பீட்டுத் தொகையைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பலகையை ஆம்ஸ்ட்ரோங்கின் படத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை