ஓரிஜென் போதித்தது மறுபிறவி அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மறுபிறவி பற்றிய கட்டுரை, ஆதிச் சபை மறுபிறவியை நம்பியது என்றும், 3-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிஜென் அதைப் போதித்தார் என்றும், 553-இல் பேரரசர் ஜஸ்டினியன் அது தொடர்பான வசனங்களை வேதாகமத்திலிருந்து நீக்கிவிட்டார் என்றும் சொல்கிறது. இணையத்தில் வெகுநாளாகச் சுற்றிவரும் கதைதான். மூன்றில் எதுவும் நிற்காது. ஆனால் நடுவில் உள்ளதில் மட்டும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நீக்கிய கதையை முதலில் முடித்துவிடலாம். வேதாகமத்தின் மிகப் பழைய பிரதிகளான சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, ஜஸ்டினியனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு மூத்தவை. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று கேட்கும் யோவான் 9:2 அவற்றில் இருக்கிறது. நம் வீட்டு வேதாகமத்திலும் இருக்கிறது. பிறவியிலேயே குருடானவன் தானே பாவம் செய்தான் என்றால், அது பிறப்புக்கு முன்னால்தானே என்று தோன்றவைக்கும். மறுபிறவியை வெட்ட உட்கார்ந்தவர் முதலில் கைவைத்திருக்க வேண்டிய வசனம் அது!

இனி ஓரிஜென். சுமார் 185-இல் அலெக்சாந்திரியாவில் பிறந்து, பிற்காலத்தில் பாலஸ்தீனத்துச் செசரியாவில் இருந்து எழுதியவர். அவரை அரித்த கேள்வி ரோமர் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யாக்கோபும் ஏசாவும் பிறக்கும் முன்பே ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டு மற்றவன் தள்ளப்பட்டால், தேவனின் நீதி எங்கே? மனிதர்களின் இயல்பு பிறப்பிலேயே தீர்மானமாகிவிட்டது, மாற்ற முடியாது என்று வாலந்தினியர் என்ற ஞானவாதப் பிரிவினர் போதித்துவந்தார்கள். அதை முறியடிக்கத்தான் ஓரிஜென் ஆன்மாக்களின் முன்னிருப்பை, அதாவது உடலில் பிறக்கும் முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்பதை, சொன்னார். அறிவுள்ள உயிர்கள் எல்லாம் சமமாகவே படைக்கப்பட்டன. தேவனை நோக்கியிருந்த நிலையிலிருந்து தாமாகவே நழுவின. நழுவிய அளவுக்கேற்பத் தூதர், மனிதர், பிசாசு என்று ஆயின. இதற்கு ஒரு சொல்லாராய்ச்சியையும் துணைக்கு அழைத்தார். கிரேக்கத்தில் ஆன்மா 'ப்சூகே', குளிர்ந்தது 'ப்சூக்ரோஸ்'. தேவ அன்பின் சூடு தணிந்து ஆறிப்போனதால்தான் அதற்கு ஆன்மா என்று பெயர் வந்ததோ என்கிறார். மொழியியலாக இது எடுபடாது. அவர் மனம் ஓடும் திசையைக் காட்டும்.

ஊழ்வினை மாதிரி இருக்கிறதே என்று நமக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இங்கே வினை நடந்தது இன்னொரு மனிதப் பிறவியில் அல்ல, உலகம் தோன்றுவதற்கு முன்னால். இந்த உலகத்துக்குப்பின் வேறு யுகங்கள் வரலாம் என்று அவர் யோசித்தது உண்மை. இதே உலகில் உடல்விட்டு உடல் தாவுவதை அவர் நேரடியாகவே மறுத்திருக்கிறார். மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதிய உரையின் 13-ஆம் புத்தகத் தொடக்கத்தைப் பார்க்கலாம். யோவான் ஸ்நானகன்தான் பழைய தீர்க்கதரிசி எலியா என்றால் எலியாவின் ஆன்மா மறுபடி பிறந்ததா? இல்லை என்கிறார். லூக்கா 1:17 எலியாவின் 'ஆவியும் பலமும்' என்கிறதே ஒழிய 'ஆன்மா' என்று சொல்லவில்லை. ஆவி வேறு, ஆன்மா வேறு. தமிழில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் படித்தால் அவர் வாதமே விளங்காது. தண்டனைக்காக ஆன்மா உடல் மாறிக்கொண்டே இருந்தால், பாவம் செய்வதும் நிற்காது, பிறப்பதும் நிற்காது. வானமும் பூமியும் ஒழிந்துபோகும் என்ற வசனம் பொய்யாகிவிடுமே என்றும் கேட்கிறார்.

பிறகு எப்படி மறுபிறவியைப் போதித்தவர் என்ற பெயர் வந்தது? அவருடைய 'முதற்கோட்பாடுகள்' நூலின் கிரேக்க மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. கையில் இருப்பது அவர் அபிமானியான ரூஃபினஸ் 398-இல் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு. இடறலான இடங்களைத் திருத்தினேன், விட்டுவிட்டேன் என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். இதில் எரிச்சலடைந்த ஜெரோம் என்ற சமகால வேத அறிஞர் சொல்லுக்குச் சொல் இன்னொரு மொழிபெயர்ப்பு செய்தார். அதில் துணுக்குகளே மிஞ்சின. முதல் புத்தகத்தின் 8-ஆம் அதிகார முடிவில்தான் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். மனித ஆன்மா மிருக உடலுக்குள் போகும் என்பதை ஓரிஜென் தள்ளுகிறார் என்பது ரூஃபினஸின் லத்தீன். அப்படிப் போகலாம் என்றே ஓரிஜென் வாதித்தார் என்பது ஜெரோம். இது கோட்பாடு அல்ல, ஆராய்ச்சியே என்று ஓரிஜென் முடித்ததையும் ஜெரோமே குறிப்பிடுகிறார். 1913-இல் கெட்ஷாவ் என்ற அறிஞர் தயாரித்த பதிப்பு, ஜஸ்டினியன் முதலான பிற்காலத்தவரின் குற்றச்சாட்டுகளையும் கண்டன வாசகங்களையும் ஓரிஜெனின் துண்டுகள் என்று நூலுக்குள்ளேயே செருகிவிட்டது. 1936-இல் வந்த பட்டர்வொர்த்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே வழியில் போனது. எதிரியின் குற்றப்பத்திரிகையை எடுத்து ஆசாமியின் வாக்குமூலம் என்று மேற்கோள் காட்டுவது அங்கிருந்துதான் பெருகியது.

553-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பொதுச்சங்கத்தின் முக்கிய வேலை 'மூன்று அதிகாரங்கள்' எனப்பட்ட சிரியா வட்டார இறையியலாளர் விவகாரம். அந்தச் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 15 கண்டனங்கள் முன்னிருப்பையும், எல்லாரும் கடைசியில் மீட்கப்படுவார்கள் என்பதையும் சாடுகின்றன. அவற்றின் உடனடி இலக்கு அன்றைய பாலஸ்தீன மடங்களில் இருந்த ஓரிஜென்வாதிகள். அந்த வாசகங்களில், ஓரிஜெனின் கருத்துகளைப் பின்னாளில் வளர்த்த 4-ஆம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியஸின் சாயல் தூக்கலாக இருக்கிறது. ஓரிஜென் இறந்து அப்போது முந்நூறு வருடம். 4-ஆம் நூற்றாண்டுச் சபைத் தந்தையரான பேசிலும் நசியான்சஸ் கிரகோரியும் ஓரிஜெனின் எழுத்துகளைத் தொகுத்ததாக மரபு. பேசிலின் தம்பி நிசா கிரகோரி முன்னிருப்பை ஒதுக்கிவிட்டு எல்லாருக்கும் மீட்பு என்பதை வைத்துக்கொண்டார், அவரை ஒருவரும் தொடவில்லை. குமாரன் காலத்தில் தோன்றியவர் அல்ல, நித்தியமாகப் பிதாவிடமிருந்து பிறப்பவர் என்று இன்றும் சபைகள் சொல்வதற்கு வழியமைத்ததும் ஓரிஜென்தான்.

இந்தக் கட்டுரையை மறுபடி வெளியிடுவதானால், 'மறுபிறவி' என்பதை 'ஆன்மாக்களின் முன்னிருப்பு' என்று மாற்றுங்கள். 'முதற்கோட்பாடுகள்' மேற்கோள் ஒவ்வொன்றும் ரூஃபினஸின் வாசகமா, ஜெரோமின் துணுக்கா, ஜஸ்டினியனின் புகாரா என்று பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்