சிறுநீரகத்துக்குப் பெயர் எழுதும்போதே கணையத்தையும் சொல்லுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் உறுப்பு மாற்று ஆணையத்துக்கும் வணக்கம்.

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கச்சிக்குச் சின்ன வயதிலேயே முதல் வகைச் சர்க்கரை நோய். இன்சுலின் சுரக்க வேண்டிய கணையம் அவளுக்கு அதைச் சுரக்காது, ஊசிதான் உயிர். இப்போது சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸில் இருக்கிறாள். நாங்கள் காட்டிய ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்று பற்றிப் பொறுமையாக விளக்கினார்கள். அதோடு கணையத்தையும் சேர்த்து வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. 1966 டிசம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெல்லியும் ரிச்சர்ட் லில்லஹையும் முதன்முதலாகச் செய்தபோதே சிறுநீரகத்தையும் கணையத்தையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். பழைய கணையத்தை எடுப்பதில்லை. செரிமான நீர் சுரக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். புதியதை அடிவயிற்றில் வைத்து ரத்தக்குழாய்களை இணைப்பார்கள். நன்றாக வேலை செய்தால் இன்சுலின் ஊசியே வேண்டியதில்லை.

ஊசி நிற்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் ராத்திரி யாராவது ஒருவர் அரைத் தூக்கத்தில்தான் படுத்திருப்போம். முன்பெல்லாம் சுகர் இறங்கினால் அவளுக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், "அண்ணே, ஒரு மாதிரி வருது" என்பாள். திரும்பத் திரும்ப இறங்கி, அந்த அறிகுறியே இப்போது அவளுக்குத் தெரிவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழறும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வெறித்துப் பார்ப்பாள். விழுங்கும் நிதானம் இருக்கும்போதே குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்துவிட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் இந்த ராத்திரிகள் அப்படியேதான் இருக்கும். புதுச் சிறுநீரகத்தையும் அதே சர்க்கரை அரிக்கத் தொடங்கும்.

எல்லோருக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. நம் ஊரில் சர்க்கரை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்களில் மிகச் சிலருக்கே இது பொருந்தும். அறுவையும் லேசானதில்லை. புதுக் கணையத்தின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கலாம், தையல் கசியலாம். உடம்பு அதை ஒதுக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். தொற்று சுலபமாக வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சிறுநீரகம் மட்டும் வைத்தாலும் அந்த மாத்திரைகள் உண்டுதானே? எப்படியும் விழுங்கப்போகிறவர்களுக்குத்தான் கணையத்தையும் சேர்த்து யோசிப்பதில் நியாயம் அதிகம்.

சிறுநீரகம் தர நான் தயாராக இருக்கிறேன். அதை முதலில் வைத்துவிட்டு, மூளைச்சாவு அடைந்தவரின் கணையத்தைப் பின்னால் வைக்கும் வழியும் உண்டு. எது நல்லது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சொன்னால்தானே நாங்கள் கேட்க முடியும்?

உறுப்பு தானம் செய்தவர்களுக்கு 2023 முதல் அரசு மரியாதை செலுத்துகிறீர்கள். மனமார வணங்குகிறேன். துக்கத்தின் நடுவில் கையெழுத்துப் போடும் அந்தக் குடும்பங்கள் தருவதில் கணையமும் அடக்கம். சீக்கிரம் கெடக்கூடிய உறுப்பு அது. வாங்குகிறவர் முன்கூட்டியே தயாராக இல்லாவிட்டால் வீணாகிவிடும்.

அதனால் கேட்கிறேன். முதல் வகைச் சர்க்கரையோடு சிறுநீரகம் செயலிழந்து வருகிறவர்களிடம், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே இதைச் சொல்ல உத்தரவிடுங்கள். தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் என்று எங்கிருந்தும் ஜனங்கள் வந்து சேரும் மதுரைப் பெரியாஸ்பத்திரியில், இவர்களைப் பரிசோதித்து ஆலோசனை சொல்லத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இந்த அறுவைக்கும் பிறகு வாங்கும் மாத்திரைகளுக்கும் எவ்வளவு கிடைக்கும் என்பதை அங்கேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
திருமங்கலத்திலிருந்து ஓர் அண்ணன்